தள்ளுபடியில் டிசைனர் உடை: உழைக்குமா, வாங்கலாமா?

ஒரு டிசைனர் கோட்டின் டேக்கில் பழைய விலையை அடித்துவிட்டு, பக்கத்தில் அதில் பாதிகூட இல்லாத புது விலையைப் போட்டிருந்தால், கோட்டைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே மனம் பாதி முடிவெடுத்துவிடும். முதலில் கண்ணில் பட்ட எண்ணை வைத்தே அடுத்ததை எடைபோடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. உளவியலாளர்கள் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இலேயே இதைச் சோதனை செய்து காட்டினார்கள். சக்கரத்தைச் சுழற்றி, தற்செயலாக வந்த ஓர் எண்ணைக் காட்டினால்கூட, கேட்ட கேள்விக்கு மக்கள் சொன்ன மதிப்பீடு அந்த எண்ணின் பக்கமே சாய்ந்தது. டேக்கில் அடித்திருக்கும் பழைய விலையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அதனால் இந்த வழிகாட்டியில் விலை கடைசியில்தான் வரும். கடையில் இருக்கும்போது டேக்கை உள்பக்கம் திருப்பி விட்டுவிட்டு, கீழே உள்ள வரிசையில் பாருங்கள். ஏதாவது ஒரு படியில் உடை தேறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

1. ஏன் விலை குறைந்தது?

தள்ளுபடிக்குக் காரணம் பல. சில காரணங்கள் உங்களுக்கு லாபம், சில நஷ்டம். பருவம் முடிந்தது, நிறம் எடுபடவில்லை, மிகச் சிறிய, மிகப் பெரிய அளவுகள் மட்டும் மிஞ்சின, தேவைக்கு மேல் தைத்துவிட்டார்கள் என்றால் உடையின் தரத்தில் குறையில்லை. நேற்று முழு விலைக்கு விற்ற அதே உடைதான். தேட வேண்டியது இந்த வகையை.

அடுத்தது, அவுட்லெட்டுக்கென்றே தைத்தது. அவுட்லெட் கடைகள் ஒரு காலத்தில் மிஞ்சிய சரக்கையும் சிறு குறையுள்ள சரக்கையும் விற்கும் இடங்களாக இருந்தன. இன்று பல பிராண்டுகள் அங்கே விற்பதற்கென்றே தனியாகத் தைக்கின்றன. கேப் ஃபேக்டரி, ஜே.க்ரூ ஃபேக்டரி போன்றவை அப்படித் தனி வரிசைகளாகவே நடக்கின்றன. அது தவறில்லை. ஆனால் அந்த உடை பிரதான கடையில் ஒரு நாளும் தொங்கியதில்லை என்றால், டேக்கில் இருக்கும் 'பழைய விலை'க்கு யாரும் அதை வாங்கியதும் இல்லை. இதைப் பற்றி விசாரிக்கும்படி 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குக் கடிதம் எழுதினார்கள். அடையாளம் காண ஒரு வழி: அதே உடை அதே பிராண்டின் பிரதான கடையிலோ பழைய பருவப் படங்களிலோ இருந்ததா என்று தேடுங்கள். ஒரே மாடல் எல்லா அளவிலும், எல்லா நிறத்திலும், அடுக்கு அடுக்காகக் கிடக்கிறது என்றாலும் யோசியுங்கள். மிஞ்சிய சரக்கு அப்படி ஒழுங்காக மிஞ்சாது.

மூன்றாவது, சாம்பிளும் குறையுள்ள சரக்கும். சாம்பிள் உடை மாடல் அழகிகளின் அளவில் இருக்கும், பலமுறை போட்டுக் கழற்றியிருப்பார்கள், லேபிளில் உள்ள அளவை நம்ப முடியாது. குறையுள்ள சரக்கை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் குறை எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள். பட்டன் தளர்ந்திருந்தால் வீட்டிலேயே சரியாகும். துணி நேர்வாட்டமில்லாமல் வெட்டப்பட்டு, ஒரு கால் முறுக்கிக்கொண்டு நிற்கும் பேன்ட்டை எந்தத் தையல்காரராலும் திருத்த முடியாது.

கடைசி வகை போலி. லூயி வுயிட்டான் தள்ளுபடி விற்பனை நடத்துவதே இல்லை. அந்தப் பெயரில் புத்தம் புதிய பொருள் 70 சதவீதத் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால் மேற்கொண்டு எதையும் சோதிக்கத் தேவையில்லை. விலையைக் குறைத்தால் பெயர் கெடும் என்று சொகுசு நிறுவனங்கள் எவ்வளவு தூரம் அஞ்சும் என்பதற்கு பர்பெரி ஓர் உதாரணம். விற்காமல் தேங்கிய 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே நிதியாண்டில் அழித்ததாக 2018-இல் தெரியவந்தது. பலத்த கண்டனத்துக்குப் பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் பழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

பழைய விலை உண்மையா என்பதற்குச் சில இடங்களில் சட்டமே துணை நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும். மற்ற இடங்களில் நாமேதான் ஒன்றிரண்டு வாரம் விலையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் 'சலுகை'யிலேயே இருக்கும் உடைக்கு அந்தச் சலுகை விலைதான் உண்மையான விலை.

2. பெயருக்குள் எந்த வரிசை?

ஒரே டிசைனர் பெயருக்குக் கீழே பல தளங்கள் உண்டு. ஜியார்ஜியோ அர்மானி, எம்போரியோ அர்மானி, அர்மானி எக்ஸ்சேஞ்ச் மூன்றும் ஒரே வீட்டுப் பெயர்தான். ஆனால் துணியும் தையலும் வேறு வேறு. ரால்ஃப் லாரனில் பர்ப்பிள் லேபிள் ஒரு தளம், போலோ இன்னொரு தளம், லாரன் மற்றொன்று. கீழ்த்தள உடையைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டு மேல்தள உடை கிடைத்ததாக நினைத்துக்கொள்வது எளிது. லேபிளில் உள்ள பெயரை முழுதாகப் படித்தால் போதும்.

3. துணி

நேரம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இது. உள்பக்கத் தையலில் தொங்கும் சிறு லேபிளில் என்ன இழை, எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையால் சோதியுங்கள்.

இழையின் பெயர் மட்டும் போதாது. '100 சதவீதம் காஷ்மீர்' என்பது ஒரு தகவல்தான், தரச் சான்று இல்லை. காஷ்மீர் என்பது ஒரு வகை ஆட்டின் மெல்லிய ரோமம். அந்த இழை பொதுவாக 19 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெலிது. அதன் நீளம்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. குட்டை இழைகளைத் திரித்த நூலிலிருந்து நுனிகள் வெளியே வந்து உரசி உரசி உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். கடையிலேயே தெரிந்துகொள்ளலாம்: உள்ளங்கையால் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். அதற்குள் பஞ்சு போலக் கிளம்பினால், அக்குளிலும் பை உரசும் இடுப்பிலும் சில வாரங்களில் என்ன ஆகும் என்று புரிந்துவிடும். தொட்டவுடன் வெண்ணெய் போல வழுக்கும் ஸ்வெட்டரைவிட, கொஞ்சம் உலர்ந்தாற்போலத் தோன்றும், இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூலில் நெருக்கமாகப் பின்னிய ஸ்வெட்டரையே நான் எடுப்பேன்.

சூட் துணியில் 'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்று எழுதியிருப்பார்கள். எண் கூடக் கூட நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண் கம்பளி இழையின் மெலிவைக் குறிக்கிறது. சர்வதேசக் கம்பளித் துணி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 இழை 18.75 மைக்ரானுக்குள், சூப்பர் 150 இழை 16.25 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். மெலிந்த இழை மென்மையாக, அழகாக விழும். ஆனால் முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் சீக்கிரம் தேய்ந்து பளபளக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போடப் போகும் பேன்ட்டுக்கு 100, 110 போதும். விசேஷத்துக்கு மட்டும் என்றால் 150 வாங்கலாம்.

பருத்தியும் லினனும் ஈரத்தில் இன்னும் வலுவாகும். அதனால்தான் அடிக்கடி துவைத்தாலும் தாங்குகின்றன. லினன் மட்டும் எப்போதும் ஒரே கோட்டில் மடித்து அழுத்தி இஸ்திரி போட்டால் அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் நேரெதிர்: நனைந்தால் ஏறக்குறைய பாதி வலிமையை இழக்கும். டிசைனர் கவுன்களில் விஸ்கோஸ் நிறைய வரும், ஏனென்றால் அழகாகத் தொங்கும். வாங்குவதானால் கையால் மெதுவாகத் துவைக்கத் தயாராக இருங்கள். பாலியஸ்டரைக் கண்டாலே ஒதுக்க வேண்டியதில்லை. தேய்மானத்துக்கு அது நன்றாகத் தாங்கும். வியர்வை நாற்றம் தங்கும் என்பதும், பாலியஸ்டர் விலைக்குத் தைக்கக்கூடிய ஒன்றுக்குப் பெயருக்காகப் பட்டு விலை கொடுக்கிறோமா என்பதும்தான் கேள்வி.

பட்டின் கனத்தை 'மொம்மி' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மொம்மி என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.3 கிராம். சட்டைக்கு 16-க்கு மேல் இருந்தால் நிம்மதி. எண் எங்கும் எழுதவில்லை என்றால் தையலின் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தையலை ஒட்டிப் பாவும் ஊடையும் (நெசவின் நெடுக்கு, குறுக்கு நூல்கள்) விலகி ஏணி போல இடைவெளி தெரிந்தால், கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அது நடக்கும். என் கணக்கில் மெல்லிய துணிகளுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

இன்னும் மூன்று சோதனை, எல்லாத் துணிக்கும் பொது. வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நெசவு ஒரே சீராகத் தெரிய வேண்டும், திட்டுத் திட்டாக மெலிந்திருக்கக் கூடாது. ஓரத்தை உள்ளங்கையில் கசக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து விடுங்கள். கசங்கல் எவ்வளவு தங்குகிறதோ அவ்வளவு இஸ்திரி வேலை. நீட்சியுள்ள துணியை இழுத்து விடுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பாமல் தொய்ந்தால் முழங்கால் பகுதி சீக்கிரமே பை போலத் தொங்கும்.

4. உள்ளே வெளியே திருப்புங்கள்

வெளியே தெரியும் இடத்தில் எல்லோரும் அழகாகத் தைப்பார்கள். செலவைக் குறைப்பது உள்பக்கத்தில்தான். அதனால் உடையை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். விற்பனையாளர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். துணி தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

தையல் நெருக்கத்தை எண்ணுங்கள். நல்ல சட்டையில் ஓர் அங்குலத்துக்கு 18-க்கு மேல்கூட இருக்கும். 8, 9 என்று அகலமாகப் போயிருந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். கனமான கோட்டுக்கும் ஜீன்ஸுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே தடித்த நூலில் அகலமான தையல் சரிதான். சட்டையின் பக்கத் தையலில் துணியின் வெட்டு விளிம்பு வெளியே தெரியாமல் மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தால் நல்லது. வெட்டு விளிம்பைச் சுற்றி மெஷினில் நூல் ஓட்டும் வெறும் ஓவர்லாக் என்றால் சுமார். ஓவர்லாக்கும் பிசிறிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆயுளுக்கு இதுதான் எனக்கு மிகப் பிடித்த அடையாளம். பேன்ட்டின் பின் இடுப்பிலும் கோட்டின் பக்கங்களிலும் ஓர் அங்குலம் விட்டிருந்தால், அந்த உடை பல வருஷம் போடுவதற்காகத் தைக்கப்பட்டது. உடம்பு மாறினாலும் பிரித்துப் பெரிதாக்கலாம். கால் அங்குலம்கூட விடவில்லை என்றால் இன்று சரியாக இருக்கும் வரைதான்.

கோடு, கட்டம் போட்ட துணி என்றால் பாக்கெட்டிலும் பக்கத் தையலிலும் கோடுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? சேர்ப்பதற்குத் துணி அதிகம் வீணாகும், நேரமும் ஆகும். அதைச் செய்திருப்பவர்கள் மற்ற இடங்களிலும் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள்.

கோட்டில் மார்புப் பகுதிக்கு உள்ளே, வடிவம் தரும் கேன்வாஸ் என்ற அடுக்குத் துணியை நூலால் தைத்து வைத்திருக்கிறார்களா, பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பட்டனுக்குச் சற்றுக் கீழே வெளித் துணியையும் உள் துணியையும் இரண்டு கையாலும் கிள்ளிப் பிரித்து இழுங்கள். நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவுவது தெரிந்தால் கேன்வாஸ் தைத்தது. வெளித் துணி விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் பசை. பசை கோட்டில் பல தடவை ட்ரை கிளீனிங் ஆன பிறகு மார்பில் குமிழ் கிளம்பக்கூடும். கிளம்பினால் அதைச் சரிசெய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். பெரிய பெயர்களின் கீழ்த்தள வரிசைகளிலும் பசை கோட்டுகள் உண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

பட்டன், காஜா, ஜிப் மூன்றையும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். காஜாவின் உள்ளே நூல் பிசிறினால் வெட்டு வரைக்கும் தையல் நெருக்கமாக இல்லை என்று அர்த்தம். ஜிப் பாதியில் ஒரு தடவை சிக்கினால் பிறகும் சிக்கும். ஜப்பானின் ஒய்கேகே, ஸ்விட்சர்லாந்தின் ரிரி, இத்தாலியின் லாம்போ என்ற பெயர்கள் ஜிப்பின் இழுவையில் இருந்தால் நல்ல அறிகுறி. பெயர் இல்லாவிட்டால் பல்லை விரலால் தடவி, கூர்மையில்லாமல் சீராக ஓடுகிறதா என்று பாருங்கள்.

மணி, சம்கி, எம்பிராய்டரி உள்ள உடையில் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரே நூலில் நூற்றுக்கணக்கான சம்கியைச் சங்கிலித் தையலில் கோத்திருந்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலே வரிசையாகக் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் முடிச்சோ, சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சோ இருக்க வேண்டும்.

5. அலமாரியிலேயே வயதாகும் பொருட்கள்

தள்ளுபடிச் சரக்கு என்றால் எப்போது தைத்தது என்ற கேள்வியும் வரும். பருத்தி, கம்பளிக்கு ஒரு வருஷம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் அப்படியல்ல. காற்றிலுள்ள ஈரத்திலேயே அது சிதையத் தொடங்கும். போடாமல் வைத்திருந்தாலும் சில வருஷங்களில் வெடித்துத் தோல் தோலாக உரியும். பல பருவம் தாண்டிய செயற்கைத் தோல் ஜாக்கெட்டை எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். ரப்பர் எலாஸ்டிக், ஒட்டிய மழைக்கோட்டுத் தையல் பட்டைகள் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிய உடையில் தோள் மட்டும் வெளிறியிருக்கும். காலருக்கு அடியில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. போட்டுப் பாருங்கள்

தோள் சரியாக இல்லையென்றால் திரும்ப மாட்டிவிடுங்கள். கால் நீளம், கை நீளம், இடுப்பைக் கொஞ்சம் பிடிப்பது ஆகியவை தையல்காரருக்கு எளிய வேலை. தோளைக் குறைப்பது கோட்டையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். செலவும் அதிகம், பலன் நிச்சயமில்லை. பட்டிலும் தோலிலும் ஊசி போன துளை மறையாது என்பதால் அவற்றைப் பிரித்துத் தைக்கும் எண்ணமே வேண்டாம்.

உட்காருங்கள், குனியுங்கள், கையை முன்னால் நீட்டுங்கள். இழுபடும் இடம்தான் முதலில் கிழியும் இடம். 'இரண்டு கிலோ குறைந்தால் சரியாகிவிடும்' என்று வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. இன்றைய உடம்புக்குப் பொருந்தும் உடையைத்தான் நாளை காலை எடுத்துப் போடுவீர்கள்.

7. யார் துவைக்கப் போகிறார்கள்?

லேபிளில் உள்ள குறிகளில் தொட்டி தண்ணீரில் துவைப்பதையும், தொட்டிக்குள் கை கைத்துவையலையும், வட்டம் ட்ரை கிளீனிங்கையும் குறிக்கும். மேலே பெருக்கல் குறி இருந்தால் கூடாது என்று பொருள். தொட்டி, வட்டம் இரண்டின் மேலும் பெருக்கல் குறி போட்ட உடைகளும் உண்டு, குறிப்பாகத் தோலும் மணிகளும் கலந்து தைத்தவற்றில். அதாவது, சுத்தம் செய்ய வழியே கிடையாது. உடம்பில் படும் உடை என்றால் அதோடு விட்டுவிடலாம்.

இரு நிறம் சேர்த்துத் தைத்த உடை என்றால், வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து உள்தையலில் தேய்த்துப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். சாயம் ஒட்டினால் முதல் துவையலிலேயே வெள்ளைப் பகுதி போய்விடும்.

8. இப்போது விலை

டேக்கைத் திருப்புங்கள். பழைய விலையைக் கையால் மறைத்துக்கொண்டு புது விலையை மட்டும் பாருங்கள். இது ஒன்றே விலை என்று போட்டிருந்தால், பெயரில்லாத லேபிளோடு இருந்தால், வாங்குவேனா? தயக்கம் வந்தால் உடை உங்களை ஈர்க்கவில்லை, தள்ளுபடி ஈர்க்கிறது.

அப்புறம் ஒரு சிறு கணக்கு. விலை, தையல்காரர் கூலி, ஆயுள் முழுவதும் ஆகும் சுத்தச் செலவு மூன்றையும் கூட்டி, எத்தனை தடவை போடுவீர்கள் என்பதால் வகுங்கள். 1,000 மதிப்புள்ள பளிச்சென்ற ஜாக்கெட் 400-க்குக் கிடைக்கிறது. 40 தடவை போடுவீர்கள், நான்கு தடவைக்கு ஒரு முறை ட்ரை கிளீனிங், முறைக்கு 20. மொத்தம் 600, ஒரு தடவைக்கு 15. பக்கத்திலேயே தள்ளுபடி இல்லாத, வீட்டில் துவைக்கக்கூடிய கம்பளி பேன்ட் 300. அதை 150 தடவை போட்டால் ஒரு தடவைக்கு 2. எத்தனை தடவை என்ற எண்ணில்தான் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்வோம். அதனால் இதே மாதிரி ஓர் உடை ஏற்கெனவே இருந்தால், போன வருஷம் அதை எத்தனை தடவை போட்டீர்கள் என்று நினைத்துப் பார்த்து அந்த எண்ணைப் போடுங்கள்.

எங்கே செலவழிக்கலாம் என்று கேட்டால்: கோட், கேன்வாஸ் வைத்த ஜாக்கெட், கம்பளி பேன்ட், நெருக்கமாகப் பின்னிய ஸ்வெட்டர், அடக்கமான நிறத்துச் சட்டை. இவற்றில் டிசைனர் தரம் துணியிலும் வெட்டிலும் உண்மையாகவே தெரியும். டி-ஷர்ட், பெரிய லோகோ, நீட்சி ஜீன்ஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் பெயருக்கே காசு போகிறது.

9. ஆன்லைனில் வாங்கினால்

தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் திருப்பித் தரும் விதியை முதலில் படியுங்கள். தள்ளுபடிச் சரக்குக்கு மட்டும் 'திரும்பப் பெற மாட்டோம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அப்படியென்றால் ஏற்கெனவே நீங்கள் போட்டுப் பழகிய பிராண்டின் அதே மாடல், அதே அளவாக இருந்தால் மட்டும் வாங்கலாம். அளவைச் சென்டிமீட்டரில் கொடுத்திருந்தால், வீட்டில் நன்றாகப் பொருந்தும் உடையைத் தரையில் விரித்து அளந்து ஒப்பிடுங்கள். உள்பக்கப் படமும் இழை லேபிளின் படமும் இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். நேர்மையான விற்பனையாளர் அனுப்பிவிடுவார்.

பார்சல் வந்ததும் டேக்கைக் கழற்றாமல் பகல் வெளிச்சத்தில் மேலே சொன்ன மூன்றாம், நான்காம் படிகளை முழுதாகச் செய்யுங்கள். செருப்பு, பேன்ட், உள்ளே போடும் சட்டை என்று உங்களிடம் உள்ளவற்றோடு சேர்த்து மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். மூன்று விதம் அமையவில்லை, அல்லது தையலில் சந்தேகம் இருக்கிறது என்றால், திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கட்டி அனுப்பிவிடுங்கள்.